ஆறு கிலோ முந்நூறு கிராம்

ஒரு கிலோ அறுநூறு கிராம் கத்தரிக்காய், இரண்டு கிலோ எழுநூறு கிராம் வெங்காயம், மொத்தம் எவ்வளவு என்று கரும்பலகையில் எழுதிவிட்டு உட்கார்ந்தேன். நான்காம் வகுப்பில் பாதிப் பேர் பதினாறு கிலோ என்று சிலேட்டில் எழுதிக்கொண்டு வந்தார்கள். ஒருவனைப் பார்த்து மற்றவன் எழுதியிருப்பான் என்றுதான் முதலில் நினைத்தேன். தனித்தனியாகக் கூப்பிட்டு விசாரித்த பிறகு விஷயம் புரிந்தது. நூறு பைசா சேர்ந்தால் ஒரு ரூபாய். அதே மாதிரி நூறு கிராம் சேர்ந்தால் ஒரு கிலோ என்பது அவர்கள் கணக்கு. ஆயிரத்து முந்நூறு கிராம் என்பது பதின்மூன்று கிலோ, அதோடு மூன்றைக் கூட்டினால் பதினாறு. அவர்கள் கூட்டியதில் ஒரு பிழையும் இல்லை.

பதினாறு கிலோவை ஒரு பையில் போட்டு யாரால் தூக்க முடியும் என்று கேட்டேன்.

"எங்கம்மா தூக்கும் டீச்சர்" என்றாள் ஒருத்தி. "பதினாறு இன்னா, மல்லாட்டை மூட்டையே தூக்கும்."

எங்கள் பக்கத்தில் நிலக்கடலைக்கு மல்லாட்டை என்று பெயர். அந்தப் பள்ளிக்கு வந்த பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் அது விளைகிற வீடுகளிலிருந்து வந்தவர்கள். எண்பதுகளின் தொடக்கம் அது. வேங்கிக்காலில் அப்போது இன்றைக்கு இருக்கிற அலுவலகங்கள் எதுவும் கிடையாது. வயலும் கிணறும் நடுவே ஓட்டுக் கட்டடத்தில் எங்கள் தொடக்கப் பள்ளியும்தான். திருவண்ணாமலையிலிருந்து டவுன் பஸ்ஸில் போய் வருவேன். வேலையில் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. பிரசவ விடுப்பு முடிந்து திரும்பி வந்த பிறகு எனக்குக் கொடுத்த வகுப்பு இது.

கால் கிலோ, அரைக் கிலோ என்று வாயால் கேட்டால் அதே பிள்ளைகள் யோசிக்காமல் பதில் சொன்னார்கள். கிராம் என்று எழுதியதும்தான் அது ரூபாய் பைசா ஆகிவிட்டது. கிராமைக் கையில் தூக்கிப் பார்த்தால்தான் புரியும் என்று தோன்றியது. பள்ளியில் எடைக்கல் இல்லை. பழைய ரவிக்கைத் துணியில் சிறிய பைகள் தைத்தேன். மளிகைக் கடையில் சொல்லி, மணலை ஐம்பது கிராம், நூறு கிராம், இருநூறு, ஐந்நூறு என்று நிறுத்து அவற்றில் போட்டு வாயைத் தைத்தேன். மூங்கில் தப்பையில் இரண்டு டப்பா மூடிகளைக் கட்டித் தராசு செய்தேன். சாயங்காலம் நான் ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்து என் கணவர், மண்ணை எடை போட்டு வாங்கினு வர்றவளை இப்பத்தான் பாக்கறேன் என்றார். அவர் தாலுகா அலுவலகத்தில் எழுத்தர். கேலி செய்தாலும் தப்பையை நடுவில் துளை போட்டுத் தந்தது அவர்தான்.

தைத்துக்கொண்டிருந்த என் மடியில் குழந்தை படுத்திருந்தாள். ஐந்நூறு கிராம் பையை ஒரு கையிலும் அவளை ஒரு கையிலும் மாற்றி மாற்றித் தூக்கிப் பார்த்தேன். இவள் எத்தனை பைகள் இருப்பாள் என்று மனம் கணக்குப் போட்டது. அந்த நாட்களில் எதைத் தூக்கினாலும் எனக்கு அந்தக் கணக்குதான்.

கல்யாணமாகிச் சில வருடங்கள் காத்திருந்து பிறந்தவள். சித்திரையில் பிறந்தாள், பிறக்கும்போதே சிறியவள். நான் வேலைக்குப் போனதும் பகலில் அவளை என் கணவரின் அண்ணி பார்த்துக்கொண்டார். ஒரே வீட்டில் இரண்டு குடித்தனமாக இருந்தோம். அவரை நான் அக்கா என்று கூப்பிடுவேன். மூன்று பிள்ளைகளை வளர்த்தவர். தண்ணீர் கலந்த பசும்பாலைச் சங்கில் புகட்டுவார். நான் சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கி ஓட்டமும் நடையுமாக வந்து தாய்ப்பால் கொடுப்பேன். பள்ளியில் மதிய வேளையில் எங்கோ ஒரு கைக்குழந்தை அழுதால் போதும், என் ரவிக்கை நனைந்துவிடும். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பாடம் நடத்துவேன். இங்கே கீழே சிந்துகிறது, அங்கே அவள் இளைத்துக் கிடக்கிறாள் என்று நினைத்தால் எனக்கு வாய்ப்பாடே மறந்துபோகும்.

இளைத்திருக்கிறாள் என்று எல்லாரும் சொன்னார்கள். அக்கா ஒரு நாள் நேராகவே கேட்டார்.

"பெத்தவ பாலு ஊர்ல இருக்கற பிள்ளைங்க நோட்டுல கொட்டுது. இதுக்கு எங்கருந்து சதை புடிக்கும்?"

படித்தவள் என்பதால் எனக்கு எடையில் நம்பிக்கை இருந்தது. மாதம் ஒரு தடவை நகராட்சியின் தாய் சேய் நல நிலையத்துக்கு அவளைத் தூக்கிப் போவேன். நர்ஸம்மா துணியைக் கழற்றி, தகரத் தட்டு வைத்த தராசில் படுக்க வைத்து, குண்டை நகர்த்தி நகர்த்தி எடை சொல்லுவார். ஐப்பசியில் ஆறு கிலோ முந்நூற்று ஐம்பது கிராம். அதற்கு முந்தைய மாதத்தைவிடக் கொஞ்சம்தான் கூட. அன்று என் கணவரும் நானும் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். கார்த்திகையில் எடை நன்றாக ஏறாவிட்டால் அரையாண்டுத் தேர்வோடு நான் வேலையை விட்டுவிடுவது. அவர் கட்டாயப்படுத்தவில்லை. யோசனையைச் சொன்னவளே நான்தான். சொல்லிவிட்டு அன்றைக்கே மனதுக்குள் பின்வாங்கினேன். அரசாங்க வேலை. மறுபடி கிடைக்குமா என்று தெரியாது. வேலையை நினைக்கிறவள் என்ன தாய் என்று அடுத்த நொடியே என்னைக் கேட்டுக்கொண்டேன்.

கார்த்திகை வந்தது. தீபத்துக்கு வீடு கொள்ளாத சொந்தக்காரர்கள். எங்கள் குழந்தைக்கு ஒரு வேண்டுதல் இருந்தது. பிள்ளை பிறந்தால் கரும்புத் தொட்டில் எடுப்பதாக என் கணவர் வீட்டில் நேர்ந்திருந்தார்கள். முழுக் கரும்புகளைச் சேர்த்துக் கட்டி, அதில் புடவையைத் தொட்டிலாகத் தொங்கவிட்டு, குழந்தையை உள்ளே படுக்க வைத்து, பெற்றவர்கள் மாட வீதியைச் சுற்றி வருவார்கள். தேர் அன்று என் கணவர் முன்னாலும் அவர் அண்ணன் பின்னாலும் தோள் கொடுத்தார்கள். நான் தொட்டிலை ஒட்டியே நடந்தேன். கூட்டத்தில் எவனாவது அறுத்துக்கொண்டு போய்விடுவான் என்று புறப்படும் முன்பே அக்கா குழந்தையின் நகைகளைக் கழற்றிப் பீரோவில் வைத்துவிட்டார். என் காதுத் தோட்டையும் கழற்றச் சொன்னார். அன்று பூரா குழந்தை சரியாகக் குடிக்கவில்லை. வெயில், நெரிசல், மேளச் சத்தம். விருந்தினர் இருந்த அந்த வாரம் முழுக்க நான் அடுப்படியில்தான் நின்றேன். அவள் பசியில் அழுதபோதெல்லாம் யார் யாரோ எடுத்துக் கொஞ்சினார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு, ஒரு புதன்கிழமை பள்ளிக்கு அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு எடை பார்க்கப் போனேன். வரிசை நீளமாக இருந்தது. நர்ஸம்மா குண்டை ஒரு கோடு இடது பக்கம் தள்ளினார். இன்னும் கொஞ்சம் தள்ளினார். முள் நடுவில் நின்றது.

"ஆறு கிலோ முந்நூறு" என்றார். "அம்பது கிராம் இறங்கியிருக்கே. வயித்தால போச்சா?"

இல்லை என்றேன். அடுத்த குழந்தையை வாங்க அவர் கையை நீட்டிவிட்டார். குழந்தைக்குத் துணியைச் சுற்றி எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். ஐம்பது கிராம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். நானே தைத்த மிகச் சிறிய பை அது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அவ்வளவு சதை என் பிள்ளையின் மேலிருந்து போய்விட்டது.

சாயங்காலம் கணவரிடம் சொன்னேன். சரி, அரையாண்டு வரைக்கும் போ, அதுக்கப்புறம் எழுதிக் குடுத்துடலாம் என்றார். மறுநாள் காலையில் அவர் அண்ணனிடமும் சொல்லிவிட்டார். அக்கா காப்பியை என் பக்கம் நகர்த்தி வைத்தார். அவர் ஏதாவது குத்திக் காட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

விடப்போகிற வேலைதானே என்று பாடத்தை விட மனம் வரவில்லை. தேர்வுக்குள் இந்தப் பிள்ளைகள் ஆயிரம் கிராமைப் புரிந்துகொண்டுவிட வேண்டும் என்ற பிடிவாதம் வந்தது. கூட்டல் ஓரளவு வந்திருந்தது. கழித்தலுக்கு, வீட்டிலிருந்து ஆளுக்கு ஒரு பிடி மல்லாட்டை கொண்டுவரச் சொன்னேன். குழுவுக்கு அரைக் கிலோ நிறுத்துக்கொள்ள வேண்டும். உரித்துப் பருப்பைத் தனியாகவும் தோலைத் தனியாகவும் எடை போட வேண்டும். இரண்டும் சேர்ந்து அரைக் கிலோ வருகிறதா என்று பார்க்க வேண்டும். இதுதான் திட்டம். நிறுப்பது வரை ஒழுங்காக நடந்தது. உரிக்க ஆரம்பித்ததும் வகுப்பு ரொம்ப அமைதியாகிவிட்டது. அந்த அமைதியில் நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். தலைமை ஆசிரியர் கூப்பிட்டாரென்று வெளியே போய்விட்டு வந்து பார்த்தால் கடைசிக் குழுவிடம் தோல் மட்டும்தான் இருந்தது.

பருப்பு எங்கே என்றேன். யாரும் வாயைத் திறக்கவில்லை. திறக்க முடியாத அளவுக்கு வாயில் இருந்தது.

"எவ்வளவு தின்னீங்க?"

"கொஞ்சம்தான் டீச்சர்" என்றான் ஒருவன், விழுங்கிவிட்டு.

அம்மா மல்லாட்டை மூட்டை தூக்கும் என்று சொன்ன பெண் இன்னொரு குழுவில் இருந்தாள். எழுந்து, "தோலு எடை போடுங்க டீச்சர், தின்னது தெரிஞ்சிடும்" என்றாள். கோள் மூட்டுகிற சந்தோஷம் அவள் முகத்தில் இருந்தது.

தோலை அள்ளித் தராசில் போட்டோம். நூறு பையும் ஐம்பது பையும் எதிரே வைத்ததும் தப்பை சமமாக நின்றது. கரும்பலகையில் ஐந்நூறு என்று எழுதி, கீழே நூற்றைம்பது என்று எழுதிக் கோடு போட்டேன். முந்நூற்று ஐம்பது கிராம் தின்றிருக்கிறார்கள். வகுப்பே சிரித்தது. மொத்தத்தைத் தூக்கி எடை போட்டால் அதில் தோலும் சேர்ந்துதான் இருக்கும், பருப்பு மட்டும் வேண்டுமென்றால் தோலைக் கழிக்கணும் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சொல்லிக்கொண்டிருந்தபோதே ஒரு சத்தம் நினைவுக்கு வந்தது. ஐப்பசியில் குழந்தையைத் தகரத் தட்டில் படுக்க வைத்ததும் அவள் காலை உதைத்தாள். தண்டை தட்டில் பட்டுக் கணீரென்றது. நர்ஸம்மா சிரித்துக்கொண்டே அவள் காலைப் பிடித்தார். போன புதன்கிழமையும் அவள் உதைத்தாள். அன்று சத்தமே இல்லை.

காலில் தண்டை, கையில் காப்பு, இடுப்பில் அரைஞாண். எல்லாம் வெள்ளி. என் அம்மா வீட்டில் போட்டது. எங்கள் பக்கத்தில் கைக்குழந்தை உடம்பிலிருந்து இதையெல்லாம் கழற்றுவதில்லை. குளிப்பாட்டும்போதும் இருக்கும், தூங்கும்போதும் இருக்கும். துணியைக் கழற்றினால் குழந்தை வெறும் உடம்பாகிவிட்டது என்றுதான் நினைப்போம். நானும் அப்படித்தான் நினைத்தேன். நர்ஸம்மாவும் அப்படித்தான் நினைத்திருப்பார். தேர் அன்று பீரோவுக்குள் போன வெள்ளி, விருந்தினர் அமளியில் யாரும் திரும்ப எடுத்துப் போடாததால், இன்னும் பீரோவில்தான் இருந்தது.

மணி அடிக்கும் வரை அந்த வகுப்பில் என்ன பேசினேன் என்று நினைவில்லை. வீட்டுக்கு வந்ததும் குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு, பீரோவைத் திறந்து நகைகளைக் கைக்குட்டையில் முடிந்தேன். அக்கா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என்ன நினைத்தார் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"இன்னா, வக்கப் போறியா? வேலைய விடறதுக்கு முன்னாடியேவா?"

எடை போடத்தான் என்றேன்.

"பிள்ளைய எடை போட்டது பத்தாதுன்னு தண்டையையும் எடை போடறியா நீ?" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனாலும் குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, விளக்கு வைக்கிறதுக்குள்ள வந்துடு என்றார்.

தேரடித் தெருவில் ஒரு வெள்ளிக் கடையில் ஏறினேன். கடைக்காரரும் அடகுக்குத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்து, வட்டி விவரம் சொல்ல ஆரம்பித்தார். வேண்டாம், எடை மட்டும் சொல்லுங்கள் என்றேன். ஒருவிதமாகப் பார்த்துவிட்டு நிறுத்தார். நூற்று எழுபது கிராம்.

வீடு வரும் வழியெல்லாம் கழித்துக்கொண்டே வந்தேன். ஆறாயிரத்து முந்நூற்று ஐம்பதில் நூற்று எழுபது போனால் ஆறாயிரத்து நூற்று எண்பது. ஐப்பசியில் அவளுடைய எடை அதுதான். இப்போது ஆறாயிரத்து முந்நூறு. இறங்கவில்லை. நூற்று இருபது கிராம் ஏறியிருக்கிறாள். சரியாகத்தான் போடுகிறேனா என்று சந்தேகம் வந்து, கோபுர வாசல் பக்கம் ஒரு பூக்கடை ஓரமாக நின்று உள்ளங்கையில் விரலால் எழுதிப் பார்த்தேன். அதே விடைதான் வந்தது.

கணவர் வந்ததும் சொன்னேன். அவர் மனதுக்குள் போட்டுப் பார்த்துவிட்டு, கணக்கு சரிதான் என்றார். பிறகு கேட்டார்.

"நூத்தி இருபது ஏறினா போதுமா? அதக் கேட்டியா?"

கேட்கவில்லை. ஏறியிருக்கிறாள் என்பதிலேயே நின்றுவிட்டேன். வேலையை விட வேண்டாம் என்று விடை வர வேண்டுமென்றே நான் அந்தக் கணக்கைப் போட்டிருக்கிறேனோ என்று அப்போதுதான் தோன்றியது. ஐப்பசியில் எடை கூடியிருந்ததாகச் சொன்ன அன்று, தண்டையைக் கழிக்க வேண்டும் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? இதை அவரிடம் சொல்லவில்லை. நாளைக்கே போய்க் கேட்கிறேன் என்றேன்.

மறுநாள் நிலையம் திறக்கும்போதே அக்காவையும் அழைத்துக்கொண்டு போனேன். நர்ஸம்மா முழுவதையும் கேட்டுவிட்டு, முதலில் சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, ஏறியிருப்பது நல்லதுதான், ஆனால் கம்மி என்றார். சோறு, கஞ்சி என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். நானும் அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஒன்றும் கொடுக்கவில்லை. குழந்தைக்கு முதல் சோறு கோயிலில் ஊட்டிய பிறகுதான் வீட்டில் கொடுப்பது வழக்கம். ஐப்பசியில் ஊட்டலாம் என்றிருந்தது. தீபக் கூட்டம் முடியட்டும், தொட்டில் எடுத்த பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப் போட்டோம். கார்த்திகை முடிந்தால் மார்கழி. மார்கழியில் நல்ல காரியம் செய்ய மாட்டார்கள். அதனால் தையில் வைத்துக்கொள்ளலாம் என்று பெரியவர்கள் சொல்லியிருந்தார்கள்.

"தை வரைக்கும் பாலு மட்டுந்தானா? பல்லு வர்ற பிள்ளைக்கு" என்றார் நர்ஸம்மா. "அந்தப் பால்லயும் தண்ணி ஊத்தாதீங்க."

திரும்பி வரும்போது அக்கா எனக்கு முன்னால் வேகமாக நடந்தார். பால் விஷயம் அவரைச் சுட்டிருக்கும் என்று எனக்குப் பயமாக இருந்தது. அவர் தண்ணீர் கலந்தது செரிக்கட்டும் என்றுதான். மூன்று பிள்ளைகளுக்கும் அப்படித்தான் கொடுத்தார். எங்கள் தெரு முனையில் ஒரு பிள்ளையார் கோயில் இருந்தது. அதைத் தாண்டும்போது நின்றார்.

"பெரிய கோயில்லதான் ஊட்டணும்னு எவன் சொன்னான்? இவரும் சாமிதானே. மார்கழி பொறக்க இன்னும் நாள் கீது. வெள்ளிக்கிழமை இங்கியே ஊட்டிடலாம். வூட்ல நான் சொல்லிக்கறேன்."

"அப்ப நான்?" என்றேன். எனக்கே கேட்காத குரலில்தான் கேட்டேன்.

"நீ இன்னா? நீ ஸ்கூலுக்குப் போ. பகல்ல கூழு ஊட்டறதுக்கு எம். ஏ. படிக்கணுமா, எனக்குத் தெரியாதா? காலைல போறதுக்கு முன்னாடி ஒரு தடவ நல்லா பாலு குடுத்துட்டுப் போ, ஓடாத."

வெள்ளிக்கிழமை பிள்ளையாருக்குச் சர்க்கரைப் பொங்கல் வைத்து, குழைத்த சோற்றை என் கணவர் விரல் நுனியில் எடுத்து அவள் நாக்கில் தடவினார். அவள் முகத்தைச் சுளித்துத் துப்பினாள். இரண்டாம் தடவை துப்பவில்லை. மறுநாளிலிருந்து கேழ்வரகுக் கூழ். தலைமை ஆசிரியரிடம் நான் எதையும் எழுதிக் கொடுக்கவில்லை. அரையாண்டுத் தேர்வு வந்தது. கத்தரிக்காயும் வெங்காயமும் கேட்டிருந்தேன். ஒரு சிலர் தவிர எல்லாரும் நான்கு கிலோ முந்நூறு கிராம் என்று எழுதினார்கள்.

மார்கழிக் கடைசியில் மறுபடி எடை பார்க்கப் போனபோது, தண்டையையும் காப்பையும் அரைஞாணையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போனோம். இடுப்பில் கறுப்புக் கயிறு மட்டும் இருந்தது. அதையும் அவிழ்க்கட்டுமா என்று நான் நர்ஸம்மாவைக் கேட்க, அக்கா என் கையைத் தட்டிவிட்டார். ஆறு கிலோ அறுநூற்று ஐம்பது. நன்றாக ஏறியிருக்கிறாள் என்றார் நர்ஸம்மா. கூழாலா, தண்ணீர் கலக்காத பாலாலா, காலையில் நான் அவசரப்படாமல் கொடுத்ததாலா, எதனால் எத்தனை கிராம் என்று நான் மனதுக்குள் பிரிக்கப் பார்த்தேன். பிரிக்க முடியவில்லை.

நிலையத்தின் வாசலிலிருந்து நான் நேராகப் பள்ளிக்குப் போக வேண்டும். அக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும். வழக்கமாக நான் பள்ளிக்குப் புறப்படும்போது அவள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அழுவாள். அன்று அக்கா கையை நீட்டியதும் தாவிப் போனாள். தோளுக்கு மேலாக என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, அக்காவின் தாலிக் கயிற்றை இழுத்து விளையாடத் தொடங்கினாள். இதற்குத்தானே ஆசைப்பட்டேன் என்று சொல்லிக்கொண்டு பஸ் ஏறினேன். அழாமல் போய்விட்டாளே என்று ஜன்னல் பக்கம் உட்கார்ந்து நினைத்துக்கொண்டே வந்ததில் என் நிறுத்தம் போய்விட்டது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, வயல் ஓரமாகத் திரும்பி நடந்தேன்.